எண்பது திறப்புக்கள்

செங்கலடிச் சந்தியில் இரண்டு பெருவீதிகள் கூடுகின்றன. ஒன்று மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் கரையோர வீதி. மற்றையது பதுளையிலிருந்து மலையிறங்கி, பிபிலை, மகாஓயா வழியாக வந்து இவ்விடத்தில் முடிவடையும் வீதி. பெரும்போக அறுவடைக் காலத்தில் இச்சந்தியில் சிறிது நேரம் நிற்பவர்கள், உறுகாமம், கரடியனாறு ஆகிய பக்கங்களிலிருந்து நெல்மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வரிசையாக வரும் உழவு இயந்திரங்களைக் காண்பர். மட்டக்களப்பு மக்கள் இதனை ‘மிசின்’ என்றே அழைப்பர். பின்னால் பூட்டிய பெட்டியோடு ஒரு மிசின் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது, சாரதியைக் காணவில்லை, தேநீர்க் கடைக்குப் போயிருக்கலாம். பின்னால் நிற்கும் மற்றொரு சாரதி இறங்கி வருகிறான். தன் சட்டைப்பையிலிருந்து தன் மிசினின் திறப்பை எடுக்கிறான். பிறனுடைய மிசினில் ஏறி, அதே திறப்பால் அதனை இயக்கி, பத்து முழம் முன்னே கொண்டுபோய் ஓரமாக நிறுத்திவிட்டு, திறப்பைப் பையில் போட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போகிறான். சந்தியில் நிற்கும் எவரும் இதனை அதிசயமாகக் கருதுவதில்லை. கொழும்பிலிருந்து வந்தவர் எவரேனும் அங்கு நின்றால், அவர் மாத்திரம் திகைத்துப் போவார்.

இத்திகைப்பிலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். பூட்டு என்பது தனிச்சொத்தின் காவலன். திறப்பு என்பது ‘இது என்னுடையது’ என்று சொல்வதற்காகவே உருவாக்கப்பட்ட கருவி. அக்கருவி எவ்வாறு ஊருக்குப் பொதுவாயிற்று? பொதுவானதால் யாருக்கு என்ன கிடைத்தது?

சொல்லைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. தமிழகத்து நண்பர்கள் ‘சாவி’ என்பார்கள். அது போர்த்துக்கீசரின் ‘சாவ்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. போர்த்துக்கீசர் ஆண்ட மண் நம்முடையதும்தான். 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டிய அவர்களிடமிருந்து ஒல்லாந்தர் 1638இல் அதனைப் பறித்துக்கொண்டனர். நம் வீட்டிலுள்ள மேசை, கதிரை, அலுமாரி, யன்னல், வாங்கு எல்லாம் அவர்கள் விட்டுச்சென்ற சொற்களே. காலிலே அணியும் சப்பாத்தும் அவ்வாறே. இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட ஈழத்துத் தமிழ், அலுமாரியைத் திறக்கும் கருவியை மட்டும் தன் சொந்தச் சொல்லால் ‘திறப்பு’ என்று அழைத்து வருகிறது. பூட்டுவதைவிடத் திறப்பதே அதன் தொழில் என்பதை இச்சொல் எவ்வளவு அழகாக உணர்த்துகிறது!

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். 1851ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. கைத்தொழிற் புரட்சியின் வெற்றியைக் கொண்டாட எழுப்பப்பட்ட பளிங்கு மாளிகையில், பிரித்தானியாவின் பெருமைகளில் ஒன்றாக அதன் பூட்டுக்களும் வைக்கப்பட்டிருந்தன. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஹொப்ஸ் என்ற பூட்டுத் தொழிலாளர், எவராலும் திறக்க முடியாதென்று பேர்பெற்றிருந்த சப் கம்பனியின் பூட்டை இருபத்தைந்து நிமிடத்தில் திறந்து காட்டினார். பின்னர் பிராமா கம்பனியின் பூட்டை எடுத்துக்கொண்டார். அதனைத் திறப்பவருக்கு இருநூறு கினி பரிசு என்ற அறிவிப்போடு அப்பூட்டு அறுபது ஆண்டுகளாகக் கடையின் யன்னலிலே தொங்கிக்கொண்டிருந்தது. பதினாறு நாட்களில் ஐம்பத்தொரு மணிநேரம் உழைத்து ஹொப்ஸ் அதனையும் திறந்தார். வங்கிக்காரரும் நகைவியாபாரிகளும் கலங்கிப் போயினர். பத்திரிகைகள் வாரக்கணக்கில் எழுதின. உடைமை உள்ளவனின் உறக்கம் எவ்வளவு மெல்லிய தகட்டின்மேல் நிற்கிறது என்பதை அவ்வாண்டு உலகம் கண்டுகொண்டது.

ஆனால் அப்பத்திரிகைகள் எழுதாத ஒன்று உண்டு. பூட்டைச் செய்தவன் யார்? பேர்மிங்காமுக்கு அண்மையில் வில்லன்ஹால் என்றொரு சிற்றூர் இருக்கிறது. இங்கிலாந்தின் பூட்டுக்களுக்குத் தாய்வீடு அது. குடிசைப் பட்டறைகளிலே, பிடிகருவியின் முன் குனிந்து நின்று, காலை முதல் இரவு வரை அரத்தால் இரும்பை அராவியவர்கள் அவ்வூர்த் தொழிலாளர்கள். சிறுவயதிலேயே இவ்வேலையில் தள்ளப்பட்ட பிள்ளைகளின் உடல் கோணிப் போயிற்று. கூனர் மிகுந்த ஊர் என்று பொருள்படும் பட்டப்பெயரை அயலூரார் அதற்குச் சூட்டியிருந்தனர். எங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலை பற்றிய நூலில் இவ்வூர்ப் பயிற்சிச் சிறுவர்களின் துன்பமும் பதிவாகியிருக்கிறது. பூட்டிவைக்க ஒரு பொருளும் இல்லாத பிள்ளைகள் உலகத்துக்குப் பூட்டுச் செய்து கொடுத்தனர்.

அமெரிக்காவில் லைனஸ் யேல் என்பவர் 1860களில் தட்டையான சிறு திறப்பைக் கொண்ட பூட்டை உருவாக்கினார். அதன்பின் திறப்பு அரத்தின் வேலை அன்று, இயந்திரத்தின் வேலையாயிற்று. ஒரே அச்சிலிருந்து ஆயிரமாயிரமாக வார்த்தெடுக்கலாம். மோட்டார் வண்டி பிறந்தபோது அதற்கு வேண்டிய திறப்பு ஏற்கெனவே தயாராக இருந்தது.

இங்கேதான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது. ஹென்றி ஃபோர்டு 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி ‘டி’ மாதிரிக் கார்களை உற்பத்தி செய்தார். 1919 தொடக்கம் மின்சாரத்தால் இயக்கும் வசதியோடு வந்த கார்களுக்குத் திறப்புப் போடும் ஏற்பாடு செய்யப்பட்டது. கார்கள் இலட்சக்கணக்கில் வெளிவந்தன. அவற்றுக்கான வெவ்வேறு திறப்புக்கள் எத்தனை? ஏறத்தாழ இரண்டு டசின்! 51இல் தொடங்கும் இலக்கங்கள் அவற்றிற்கு இடப்பட்டிருந்தன. போதாக்குறைக்கு, எந்த இலக்கத் திறப்பு அதற்குப் பொருந்தும் என்பது பூட்டின் முகத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது. அரைப்பை நிறையத் திறப்பு வைத்திருந்தவன் அமெரிக்காவின் எந்த ஃபோர்டையும் ஓட்டிச் செல்லலாம்.

இது அறியாமையால் நேர்ந்த பிழையன்று. கணக்குப் பார்த்துச் செய்த காரியம். திறப்பைத் தொலைத்தவன் அண்மையிலுள்ள விற்பனையாளரிடம் போய் இலக்கத்தைச் சொல்லி உடனே ஒன்றை வாங்கவேண்டும். வகைகள் குறைந்தால் கையிருப்புச் செலவும் குறையும். வாங்குபவனுக்கோ தன் காருக்கென்று தனித் திறப்பு இருக்கிறது என்ற நம்பிக்கை இருந்தால் போதும். கம்பனி விற்றது அந்த நம்பிக்கையைத்தான்.

பிரித்தானியக் கார்களின் நிலையும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. இலங்கை வீதிகளை ஒரு காலத்தில் நிறைத்திருந்த மொறிஸ், ஒஸ்டின் வகைக் கார்களை நினைத்துப் பாருங்கள். அவற்றின் பழைய திறப்பு எவரிடமாவது இருந்தால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். ‘எப்.எஸ்.’ என்ற இரு ஆங்கில எழுத்துக்களும் மூன்று இலக்கங்களும் அதில் இருக்கக்கூடும். 1960களில் பெருவழக்காயிருந்த அந்தத் தொகுதி 876இல் தொடங்கி 955இல் முடிகிறது. அதாவது எண்பது திறப்புக்கள். எல்லாக் கார்களும் இத்தொகுதியையே கொண்டிருந்தன என்று சொல்ல வரவில்லை. வேறு தொகுதிகளும் இருந்தன. ஆனால் இலட்சக்கணக்கான கார்களுக்கு இந்த எண்பதே பங்கிடப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

கணித ஆசிரியர்கள் வகுப்பிலே ஒருநாள் இதனைப் போட்டுப் பார்க்கலாம். எண்பது வகைத் திறப்புக்களே உள்ள கார்கள் ஒரு கலியாண வீட்டின் முன் நிற்கின்றன. எண்பத்தொரு கார்கள் நின்றால் இரண்டுக்காவது ஒரே திறப்பு என்பது நிச்சயம். அது எளிதான விடை. ஆனால் அவற்றில் எவையேனும் இரண்டு ஒத்துப்போவதற்கான வாய்ப்புப் பாதியைத் தாண்ட எத்தனை கார்கள் வேண்டும்? நாற்பது என்று மாணவர் சொல்வர். பதினொன்று போதும்! வெளியூரில் கலியாணத்துக்குப் போய், தன்னுடையதைப் போன்ற நிறமுள்ள வேறொருவர் காரில் ஏறி உட்கார்ந்து, இருக்கையில் கிடந்த அந்நியமான குடையைக் கண்டு துணுக்குற்று இறங்கியவர்களின் கதைகள் அக்காலத்தில் ஏன் மலிந்திருந்தன என்பதற்கு இக்கணக்கே விளக்கம்.

இத்துடன் தேய்மானமும் சேர்ந்துகொண்டது. இந்தப் பூட்டுக்களின் உள்ளமைப்பு மிக எளிது. சுழலும் பித்தளை உருளைக்குள் நாலைந்து மெல்லிய தகடுகள் வில்லின்மேல் நிற்கின்றன. திறப்பின் பற்கள் அத்தகடுகளை உரிய உயரத்துக்கு இழுத்து, உருளையின் விளிம்போடு சமனாக்கினால் உருளை சுழலும். ஐந்து தகடுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு உயரங்கள் என்றால் கணக்குப்படி 1024 வகைகள் வரவேண்டும். தொழிற்சாலை அவற்றுள் சிறு பகுதியையே செய்தது. அதற்கும் மேலாக, ஆண்டுக்கணக்காகத் திறப்பும் தகடும் உராய்ந்து உராய்ந்து இரண்டும் மழுங்குகின்றன. பல் தேய்ந்த கிழட்டுத் திறப்பை நுழைத்து இலேசாக அசைத்தால், தகடுகள் ஒவ்வொன்றாகத் தம் இடத்துக்கு வந்துவிடும். புதுத் திறப்பு தன் பூட்டை மட்டுமே அறியும். தேய்ந்த திறப்பு ஊரிலுள்ள பூட்டுக்களை எல்லாம் அறியும்.

இந்தத் தேய்மானத்துக்கும் ஓர் அரசியற் பொருளாதாரம் உண்டு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது இலங்கை அரசு கார் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையில் இருந்த கார்களையே வைத்து நாடு ஓடியது. இங்கிலாந்தில் பத்தாண்டில் இரும்புக்கடைக்குப் போகவேண்டிய மொறிஸ் மைனர் இங்கே முப்பதாண்டு, நாற்பதாண்டு ஓடியது. கராஜ் தொழிலாளரின் கைத்திறன் அவற்றை உயிரோடு வைத்திருந்தது. எஞ்சினுக்குப் புது உறுப்பை நம்மவர் கடைந்து போட்டனர். கதவுப் பூட்டின் தகட்டை மாற்றுவாரில்லை. பாக்குநீரிணைக்கு அப்பால், மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் வழித்தோன்றலான அம்பாசிடரை 1957 முதல் 2014 வரை விடாது உற்பத்தி செய்த இந்தியாவிலும் இதே கதைதான். அம்பாசிடரைத் திறக்க எந்தத் திறப்பும் போதும் என்று சொல்லாத வாடகைக்கார்ச் சாரதி அங்கே அரிது.

மெல்லிய தகட்டுப் பூட்டு காரில் மட்டும் இருந்ததில்லை. இரும்பு அலுமாரி, மேசை இழுப்பறை, தபாற்பெட்டி ஆகியவற்றிலும் அதன் உறவினங்களே இருந்தன. என் ஆசிரியப் பணியின் ஆரம்பத்தில், பெயர் சொல்ல வேண்டாத ஒரு பாடசாலையில் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் இரும்பு அலுமாரியில் பூட்டப்பட்டிருந்தன. பரீட்சை நாளன்று அதிபரிடம் திறப்பு இல்லை. பூட்டை உடைக்க ஆள் தேடிக்கொண்டிருக்கையில், விஞ்ஞான ஆசிரியர் தமது பழைய காரின் திறப்பை நுழைத்து அசைத்தார், அலுமாரி திறந்துகொண்டது. அனைவரும் கைதட்டினோம். அதன் பின்னர்தான், அத்தனை ஆண்டுகளாக அவ்வலுமாரியில் வைத்த வினாத்தாள்களைக் காத்தது எது என்ற ஐயம் எனக்கு எழுந்தது. பூட்டு அன்று என்பது மட்டும் தெளிவு.

மீண்டும் செங்கலடிச் சந்தியின் மிசினுக்கு வருவோம். காரில் எண்பதாக இருந்த திறப்பு இங்கே ஒன்றாகிவிட்டது. இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1946 முதல் 1956 வரை ஐந்து இலட்சத்துக்கு மேல் உற்பத்தியான சாம்பல்நிறப் பெர்குசனை இயக்கத் திறப்பை முறுக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. கியர்த் தண்டை உரிய இடத்துக்குத் தள்ளினால் எஞ்சின் புறப்படும். அதன்பின் வந்தவை சிவப்பு மசி பெர்குசன்கள். 1957இல் ‘35’, 1964இல் ‘135’. இவற்றில் லூக்காஸ் கம்பனியின் திறப்புச் சுவிட்சு பொருத்தப்பட்டது. அதற்கு ஒரே வகைத் திறப்பு. அதே மாதிரிச் சுவிட்சைப் பயன்படுத்திய வேறு கம்பனிகளின் இயந்திரங்களுக்கும் அது பொருந்தும். மண்வெட்டும் பாரிய இயந்திரங்களைச் செய்யும் கற்றபில்லர் போன்ற கம்பனிகளும் ஒரே திறப்பு என்ற முறையையே கைக்கொண்டன. காரணம் வெளிப்படை. காரை ஓட்டுபவன் பெரும்பாலும் அதன் சொந்தக்காரன். உழவு இயந்திரத்தை ஓட்டுபவன் கூலியாள். இன்று ஒருவன், நாளை ஒருவன். ஆள் மாறும்போது வேலை நிற்கலாகாது. உடைமையின் காவலைவிட உழைப்பின் தொடர்ச்சியே இலாபம் என்று முதலாளி கண்ட இடத்தில் தனித்திறப்பு மறைந்துவிட்டது.

இத்தகைய இயந்திரம் மட்டக்களப்பு வயல்வெளியில் வந்து இறங்கியபோது அங்கே இருந்த சமூக அமைப்பு எத்தகையது? வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும், செங்கலடிக்கு உட்புறமாகப் பதுளை வீதியின் இருமருங்கிலும் விரிந்த வயல்களின் உடைமையாளர் போடியார் எனப்பட்டனர். போடியாருக்குக் கீழே வேளாண்மையை முன்னின்று நடத்தும் முல்லைக்காரன். அவனுக்குக் கீழே வயற்காரர். விதைநெல்லும் எருமையும் போடியாருடையவை, முதுகெலும்பு வயற்காரனுடையது. அறுவடையான கதிரைச் சூடாகக் குவித்து, எருமைகளைச் சுற்றிவரச் செய்து மிதிப்பித்தனர். களத்திலே அன்றாடச் சொற்களை விலக்கி, அங்கென்றே வழங்கிய தனிச்சொற்களைப் பேசினர். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இந்நாட்டு மக்களின் வாழ்வையும் வழக்குகளையும் தொகுத்து வைத்திருக்கிறது. எருமைகள் சுற்றிய இடத்தில் மிசின் சுற்றத் தொடங்கியதும் பல பேரின் வேலை ஒரு சாரதியின் வேலையாகச் சுருங்கியது. களத்துச் சொற்களும் மெல்ல மறைந்தன.

இதே காலத்தில்தான் இலங்கை உழவர் சரித்திரத்தின் முக்கியமான சட்டம் பிறந்தது. பண்டாரநாயக்காவின் அமைச்சரவையில் விவசாய அமைச்சராயிருந்த பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், குத்தகைக்கு உச்சவரம்பு விதித்தது. குத்தகையாளனை நினைத்த மாத்திரத்தில் வெளியேற்றும் உரிமையை நிலச்சொந்தக்காரனிடமிருந்து பறித்தது. பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது; நெற்காணிகளுக்குப் பதிவேடு ஒன்றை ஏற்படுத்தியது. தலைமுறை தலைமுறையாக உழுதும் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாதவனுக்கு அப்பதிவேட்டில் எழுதப்படும் பெயரே பிடிமானம்.

நடந்தது என்ன? சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு இடையிலேயே நாடெங்கும் ஆயிரக்கணக்கான குத்தகையாளர் வெளியேற்றப்பட்டனர். ‘இவன் குத்தகையாளன் அல்லன், என் கூலியாள், நானே பயிரிடுகிறேன்’ என்று நிலச்சொந்தக்காரன் வாதாடினான். அவ்வாறு வாதாட அவனுக்குக் கை கொடுத்தது உழவு இயந்திரம். எருமை வைத்து உழுத காலத்தில் ஆட்களின்றி நூறு ஏக்கரை எவரும் தாமே பயிரிடுவதாகச் சொல்ல முடியாது. மிசின் வந்தபின் சொல்லலாம். ஒரு சாரதியும் நாட்கூலிகளும் போதும். முந்திய போகத்தில் பங்குக்கு உழுதவன் அடுத்த போகத்தில் நாட்சம்பளத்துக்கு அதே வயலில் இறங்கினான்.

அவர்களில் இளையவர் சிலர் சாரதிகளாயினர். திறப்பு அவர்கள் பையில் இருந்தது. அந்தத் திறப்பால் இந்தப் பிரதேசத்தின் எந்தப் போடியாரின் மிசினையும் இயக்க முடிந்தது. போடியார்களும் அதனை அறிவர். ஆயினும் எவரும் அஞ்சவில்லை. வெட்டவெளி வயலிலே இன்னாரின் மிசின் இதுவென்று தூரத்துச் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடும் சனம். களவெடுத்து எங்கே கொண்டுபோவது? ஒரே திறப்பு தொழிலாளரிடையே ஒரு வகையான கொடுக்கல் வாங்கலையும் வளர்த்தது. சேற்றில் புதைந்த மிசினை மற்றொருவன் எடுத்து விடுவான். காய்ச்சலில் கிடந்தவனின் வேலையை இன்னொருவன் முடிப்பான். திறப்புக் கேட்டு வீட்டுக்கு ஆள் அனுப்பும் தேவை இல்லை. இதனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஊரிலுள்ள எல்லா மிசின்களையும் திறந்த அந்தத் திறப்பால் பதிவேட்டின் ஒரு பக்கத்தைத் திறக்க முடியவில்லை. அந்தப் பூட்டுக்கு உண்மையாகவே ஒரே ஒரு திறப்புத்தான் இருந்தது. அதை வைத்திருந்தவர் யாரென்று சொல்லவும் வேண்டுமா?

போர்க்காலத்தைப் பற்றி நீட்டி எழுத இது இடமன்று. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோதும், 2007இல் படுவான்கரை பெயர்ந்தபோதும் மக்கள் வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் முடிந்துகொண்டு போயினர். திரும்பி வந்தவர்கள் பலரிடம் திறப்பு இருந்தது, கதவு இல்லை. கதவோடு நிலையும், கூரையோடு மரமும் கழற்றிக்கொண்டு போகப்பட்டிருந்தன. 1948இல் பலஸ்தீனத்திலிருந்து துரத்தப்பட்டோரின் வீட்டுத் திறப்புக்களைப் பேரர்கள் இன்றும் பாதுகாப்பதாகப் படிக்கும்போது நமக்கு விளக்கவுரை தேவைப்படுவதில்லை.

இன்று காரின் திறப்புக்குள் மின்னணுச் சில் புகுந்துவிட்டது. ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்கு அது கட்டாயம். வில்லன்ஹாலின் தகடுகளுக்கு அங்கே வேலை முடிந்தது. வயலில் நிலைமை வேறு. சிறு உழவர் வைத்திருக்கும் இரு சக்கரக் கை உழவு இயந்திரங்களில் கைச்சுற்றியால் சுற்றி இயக்குபவற்றுக்குத் திறப்பே இல்லை. நாலு சக்கர மிசின்களில் பழையவற்றுக்கு அதே ஒற்றைத் திறப்பு. புதியதை வாங்க விரும்புவோர் பெரும்பாலும் லீசிங் கம்பனியின் வாசலுக்குப் போகவேண்டியிருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் இரண்டு பெயர்கள் எழுதப்படுகின்றன. பதிவு செய்த உரிமையாளர் என்ற இடத்தில் உழவனின் பெயர். முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர். மழை பொய்த்தோ வெள்ளம் வந்தோ போகம் தவறினால் தவணை தவறும். தவணை தவறினால் மிசினைக் கொண்டுபோக ஆள் வரும். அப்படி வருபவர்கள் பழைய மிசினாயின் சாரதியை எழுப்பித் திறப்புக் கேட்பதில்லை. அவர்கள் பையிலும் ஒன்று இருக்கிறது.